மிச்சம் போட்ட முடிச்சு

சத்தம் வருகிறது என்று அவள் சொல்லாத நாள் இல்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது சொன்னாள், சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தும்போது சொன்னாள், சோறு போடும்போதும் சொன்னாள். உள்ளே யாரோ உட்கார்ந்து கதவைத் தட்டுகிற மாதிரி டக்கு டக்கென்று கேட்கிறது என்றாள். அவள் புருஷன் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு, "பழைய வண்டின்னா நாலு வார்த்தை பேசத்தான் செய்யும். நீ ரேடியோவப் போட்டுக்க" என்பான். வண்டியிலிருந்த ரேடியோ போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. அதையும் அவள் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் அந்தத் தட்டல் ஒரேயடியாகப் பெருத்தது. உள்ளே ஏதோ முறிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. பின்னால் கூரை முட்டும் அளவுக்கு ஆஸ்பத்திரித் துணி மூட்டைகள். அதற்குப் பின்னால் பாலம் முழுக்க ஹாரன். ஒருத்தன் தலையை நீட்டி, "பொம்பளைங்க எல்லாம் எதுக்கு வண்டிய எடுக்கணும்" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் வாடகைக்கு ஒரு வண்டியைப் பிடித்து, மூட்டைகளைத் தானே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

அவர்களுக்குத் தொழில் சலவை. ஒரு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் இவர்களிடம்தான் வரும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் துவைக்கிற டிரம் ஒன்று, வெந்நீர் பாய்லர் ஒன்று, ஆள் நீளத்துக்கு ஒரு நீராவி இஸ்திரி மெஷின். வெயில் காலத்தில் உள்ளே நின்றால் துணியோடு சேர்ந்து ஆளும் வெந்துவிடலாம். மழைக்காலத்தில் துணி காயாது, கொட்டகை முழுக்க ஈர வாடை அடிக்கும், எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுடைய இடம் அந்த இஸ்திரி மெஷின்தான். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு.

அவள் புருஷனுக்குத் தெருவில் 'மிச்சம்' என்று பெயர். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் 'அதுல கொஞ்சம் மிச்சம் பண்ணலாம்' என்று கொண்டுவந்து முடிப்பான். சோப்புத் தூள் அளக்கிற டப்பாவின் அடியில் ஒரு மரத்துண்டைப் போட்டு அளவைக் குறைத்தவன் அவன். துணியில் கறை போகாததால் எல்லோரும் இரண்டு டப்பா போட ஆரம்பித்தார்கள். சோப்பு முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அவன் மட்டும் மரத்துண்டை எடுக்கவே இல்லை.

முதலில் வண்டி ஓட்டியது அவன்தான். கண்ணில் கோளாறு வந்து, ஆபரேஷன் ஆகி, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவர் வைத்தால் சம்பளம் தரவேண்டும். பெண்டாட்டி ஓட்டினால் அது மிச்சம். அப்படித்தான் அவள் ஸ்டீயரிங் பிடித்தாள், அவன் இஸ்திரி மெஷினுக்கு வந்தான். வாழ்க்கையில் அவன் மிச்சம் பண்ணியதிலேயே அவளுக்கு லாபமானது அது ஒன்றுதான். கண்ணாடியை இறக்கினால் முகத்தில் காற்றடிக்கும். போக வர யாரும் அவளைக் கூப்பிட்டு எதையும் எடுத்துத் தரச் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் காவலாளி 'டிரைவரம்மா' என்று கூப்பிட்டு ஓரமாக இடம் ஒதுக்கித் தருவார். கைத் தழும்புகள் மெல்ல மங்கிக்கொண்டு வந்தன. இந்த வண்டி கையை விட்டுப் போனால் மறுபடியும் அந்த மெஷின் முன்னால்தான் போய் நிற்கவேண்டும்.

அவள் இடத்தில் உட்கார ஒரு ஆளும் தயாராக இருந்தார். மாமியாருக்கு ஒரே மகள், அந்த மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளையிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது, வேலை இருந்ததில்லை. "வீட்டுலயே ஆம்பள இருக்கறப்ப" என்று மாமியார் அடிக்கடி ஆரம்பிப்பாள்.

மெக்கானிக் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தி, அடியில் படுத்து, ஆயில் வடிக்கிற நட்டைக் கழற்றினான். ஒன்றும் விழவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுக் கிண்டினான். கன்னங்கரேலென்று ஒன்று மண்புழு மாதிரி மெதுவாக இறங்கி, விழவும் மனமில்லாமல் அங்கேயே தொங்கியது.

"இதுக்குப் பேரு ஆயிலா அக்கா? செருப்புல தேய்ச்சா பளபளன்னு இருக்கும்." அவன் அதை விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினான். நெருநெருவென்று இருந்தது. "கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"அவரு வர்றாரு. அவரையே கேளுங்க."

மிச்சம் வந்து சேர்ந்தான். பஸ் காசை மிச்சம் பிடித்து நடந்தே வந்திருந்தான். தடித்த கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "என்ன தம்பி, சின்ன வேலைதானே?" என்றான்.

மெக்கானிக் எஞ்சின் முன்பக்கம் ஒரு நீள ஸ்பானரை மாட்டித் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். அசையவில்லை.

"எஞ்சின் புடிச்சிருச்சுண்ணே. உள்ள பேரிங் எல்லாம் தேஞ்சு ஒட்டிக்கிச்சு."

"எப்படி ஒட்டும்? ஆயில் இருந்துச்சே. சிவப்பு விளக்கு எரியுதுன்னு இவ சொன்னப்ப நானே என் கையால ஊத்தினேனே."

"எந்த ஆயில் ஊத்தினீங்க?"

மிச்சம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். "டிரம்மு கியருக்கு ஊத்தினது கொஞ்சம் மீதி இருந்துச்சு. நல்ல கெட்டி ஆயில். ஊத்தினதும் விளக்கு அணைஞ்சிருச்சு."

மெக்கானிக் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். "அண்ணே, அழுக்குத் தண்ணியில ஒரு வாளி புதுத் தண்ணிய ஊத்தினா துணி வெளுக்குமா? உங்க தொழில்லயே சொல்றேன். ஆயிலுங்கறது உள்ள இருக்கற சூட்டையும் கரியையும் சுமந்துகிட்டு ஓடுது. எவ்வளவு நாளைக்குச் சுமக்கும்? மாத்தலைன்னா கெட்டியாகி அடியில இருக்கற சல்லடைய அடைச்சிரும். அப்புறம் மேல ஒரு சொட்டு ஏறாது. இரும்பும் இரும்பும் நேரா உரசும். அக்கா போன்ல சத்தம் சத்தம்னு சொன்னாங்களே, அது இதுதான்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதம் அவள் தொண்டை வறளச் சொன்னதை மெக்கானிக் ஒரு தடவை சொன்னதும் காது கொடுத்துக் கேட்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஆனா மாத்தற நேரமே இன்னும் வரலையே தம்பி" என்றான் மிச்சம். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. வண்டிக் கதவைத் திறந்து, ஓரத்தில் மெக்கானிக்கே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். அடுத்த ஆயில் எந்த கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது. "நீ எழுதினதுதானே? இப்ப மீட்டரப் பாரு. அதுக்குக் கீழதான் நிக்குது."

மீட்டர் பார்ப்பது அவன் இலாகா. வாராவாரம் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மீட்டர் கண்ணாடியில் மூக்கு உரச எண்ணைப் படித்துவிட்டு, "இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்லி இறங்குவான். "பாத்தியா, நான் சொன்ன சந்து வழியா போறதால ஓட்டம் எவ்வளவு கம்மின்னு" என்று பெருமையும் பட்டுக்கொள்வான். ஓட்டுவதைத்தான் கண் பறித்துக்கொண்டது, அந்த ஒன்றாவது அவனிடமே இருக்கட்டும் என்று அவள் விட்டுவைத்திருந்தாள். இரக்கப்பட்டு விட்டுவைத்த இடத்திலிருந்துதான் இடி விழுந்திருக்கிறது.

"அப்படின்னா நீ போட்ட ஆயில்தான் டூப்ளிகேட்டு" என்று முடித்தான் மிச்சம்.

மெக்கானிக் முகம் மாறியது. "அண்ணே, என்னை வேற எதுனாலும் சொல்லுங்க. ஆயிலப் பத்திச் சொல்லாதீங்க."

"சரி, ஆயில் நல்ல ஆயில்னா ஓட்டினதுதான் தப்பு. ஏத்தத்துல ரெண்டாவது கியர் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். இவ மூணுலயே இழுப்பா. எஞ்சின் தாங்குமா?"

"நான் மூணுல இழுத்ததை நீங்க எங்கருந்து பாத்தீங்க?" என்று கேட்டாள் அவள். "கொட்டகையில நின்னுகிட்டா?"

"சத்தத்த வச்சே தெரியும்."

"அந்தச் சத்தத்துக்குத்தானே ரேடியோவப் போட்டுக்கன்னு இவ்வளவு நாளும் சொன்னீங்க."

மெக்கானிக் இருவரையும் விட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினான். மீட்டரைச் சற்று நேரம் பார்த்தான். "அக்கா, வேகம் காட்டற முள்ளு வேலை செய்யுதா?"

"இல்லை. நான் ஓட்ட ஆரம்பிச்சதுலருந்தே படுத்துத்தான் கெடக்கு. அது செத்த முள்ளு, நீ என்ன பந்தயமா ஓட்டப்போறேன்னு இவரு சொன்னாரு."

"முள்ளு ஓடலைன்னா நம்பரும் ஓடாதே. ரெண்டுக்கும் ஒரே கேபிள்." மெக்கானிக் குனிந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கேபிளின் நுனி வெளியே வந்தது. எங்கும் மாட்டாமல், தனியாக, வெள்ளைத் துணி சுற்றி.

"எலி கடிச்சிருக்கும்" என்றான் மிச்சம், யாரும் கேட்பதற்கு முன்பே.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். கிழிந்துபோன விரிப்பின் ஓரத்தை நீளநீளமாகக் கிழித்துப் பட்டியாக்கி, அதால்தான் வீட்டில் மூட்டை கட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முடிச்சு. ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்து ஒரு மூட்டையில் விரிப்பு குறைந்தால் அந்தப் பட்டியைத்தான் திருப்பி அனுப்புவார்கள். முடிச்சைப் பார்த்தால் கட்டியது யாரென்று தெரிந்துவிடும், குறைந்ததற்கு அவர்தான் பொறுப்பு. மாமியார் வைத்த சட்டம் அது. மாமியார் போடுவது பெரிய இரட்டை முடிச்சு. அவள் போடுவது பூ மாதிரி, இழுத்தால் அவிழும். மிச்சம் மட்டும் பட்டியை அகலத்தில் பாதியாகக் கிழித்து, நுனி வீணாகாமல் வாலை மடக்கி உள்ளே சொருகுவான். அதை அவிழ்ப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும்.

பாதிப் பட்டி. வால் உள்ளே.

"எலி முடிச்சுமா போடும்?" என்று கேட்டாள்.

பக்கத்துக் கடையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதாவது" என்று மிச்சம் தொண்டையைச் செருமினான். "விக்கும்போது ஓட்டம் கம்மியா இருந்தா நல்ல விலை போகும்னு சொன்னாங்க. ஒரேயடியா கழட்டினா சந்தேகம் வரும்ல. அதனால ஒரு வாரம் மாட்டுவேன், ஒரு வாரம் கழட்டுவேன். நடுவுல கண்ணு ஆபரேஷன் வந்துருச்சு, குனியக் கூடாதுன்னுட்டாங்க, அப்படியே விட்டுட்டேன். அந்த வாரம் மாட்டின வாரம்னுதான் நெனச்சேன். நம்பர் மாறாததும் இந்தக் கண்ணுல சரியாப் படல."

"கழட்டின வாரம்" என்றான் மெக்கானிக்.

"அப்படித்தான் போல."

"அண்ணே, கேபிளக் கழட்டினா மீட்டருக்குத்தான் தெரியாது. ஆயிலுக்குத் தெரியுமே."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கேபிளிலிருந்து அந்தத் துணியை, முடிச்சு அவிழாமல் அப்படியே உருவி, பர்சுக்குள் போட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் மிச்சம் கூடவே நடந்துவந்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான். "நானே சமயம் பாத்துச் சொல்றேன்."

"எப்ப?"

"சமயம் வரணும்ல."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "என்ன பண்ணித் தொலைச்சே?" என்பதுதான். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

எஞ்சின் வேலை இழுத்துக்கொண்டே போனது. உள்ளே தேய்ந்ததைக் கடைந்து, போனதை மாற்றி, விற்கும்போது கிடைக்கப்போகிற அந்த நல்ல விலையை எல்லாம் எஞ்சினே முன்கூட்டி வாங்கிக்கொண்டது. மூட்டைகள் வாடகை வண்டியில் போயின. கண்ணுக்கு ஆவி ஆகாது என்று மிச்சம் திடீரென்று கண்டுபிடித்துவிட்டதால், அவள் மறுபடி இஸ்திரி மெஷினில் நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. விரிப்புகள் பாதி ஈரத்தோடு வரும். மெஷினில் வைத்தால் குப்பென்று ஆவி முகத்தில் அடிக்கும். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று விழுந்தது. டீ ஆறிப்போய்க் கிடக்கும், குடிக்க நேரம் இருக்காது. போகிற வருகிற நேரமெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருந்த வண்டி. என் புள்ள ஓட்டினவரைக்கும் ஒரு கேடு இல்ல."

அவன் ஈர விரிப்பை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். மெதுவாக, மடிப்பில்லாமல், ரொம்ப அக்கறையாக.

"சொன்னீங்களா?" என்று அவள் தனியாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு முட்டிவலி. இப்ப எப்படிச் சொல்றது?"

மறுபடி கேட்டாள். "துணி நிறைய வந்திருக்கு, வேலை முடியட்டும்."

இன்னொரு தடவை கேட்டபோது, "நீ ஏன் பிடிச்ச பிடியாவே நிக்கறே? யார் ஓட்டினா என்ன, வண்டி ஓடினா சரி" என்றான். அதைக் கேட்டதும் அவள் மெஷினை நிறுத்தினாள். அவனுக்கு அது வெறும் வண்டி. தன்னுடைய இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மெஷினைப் போட்டாள்.

வண்டி தயாராகிவிட்டது என்று சொன்ன அன்றைக்கு மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினார். பட்டறைக்குப் போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்ததும் அவரே. வந்தவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் அவர் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள்.

"நாளையிலருந்து மாப்பிள்ளை ஓட்டட்டும். இவ பழையபடி மெஷினப் பாக்கட்டும். என்னடா சொல்றே?"

மிச்சம் தன் தட்டில் இருந்த முட்டையை மிக நுணுக்கமாக நாலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் குழம்புக் கரண்டியோடு நின்றாள். சொல்லு, இப்போதாவது வாயைத் திற என்று மனதுக்குள் மன்றாடினாள். அவன் முட்டையில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நீ சொன்னா சரிதாம்மா" என்றான்.

அவள் கரண்டியை வைத்தாள். கையைக் கழுவினாள். மாமியார் உடனே எழுந்து பக்கத்தில் மடித்து வைத்திருந்த விரிப்புகளை மூட்டை கட்ட உட்கார்ந்துவிட்டாள், அவளுக்குக் கை சும்மா இருக்காது. மருமகள் பர்சைத் திறந்து அந்தத் துணியை எடுத்து மாமியார் முன்னால் வைத்தாள்.

"அத்தை, இந்த முடிச்சு யாருதுன்னு சொல்லுங்க."

மாமியார் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. விரலால் தடவினாள். "இதென்ன கேள்வி. பாதிப் பட்டி, வாலை உள்ள சொருகி வச்சிருக்கான். அவுக்கறவன் நகம் போகும்னு எத்தனை தரம் சொன்னாலும் இவன் கேக்கமாட்டான். எந்த வார்டு மூட்டை? எண்ணிக்கை குறையுதா?"

"குறையுது அத்தை. ரொம்பக் குறையுது."

"எதுல?"

"வண்டியில. மீட்டர் கேபிளக் கழட்டி, அது நுனியில கட்டியிருந்துச்சு. மெக்கானிக் எடுத்துக் காட்டினான். எவ்வளவு குறையுதுன்னு உங்க புள்ளயத்தான் கேக்கணும்."

மாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்தினார். மிச்சம் எழுந்துகொள்ளப் பார்த்தான்.

"உக்காருடா" என்றாள் மாமியார்.

அவன் உட்கார்ந்து சொன்னான். ஒரு வாரம் மாட்டியது, ஒரு வாரம் கழற்றியது, கண் ஆபரேஷன், டிரம்முக்கு ஊற்றி மீந்த ஆயில் எல்லாம் ஒன்றொன்றாக வந்தன. நடுநடுவே "மிச்சம்தானேன்னு நெனச்சேன்" என்றான். மாமியார் முடிச்சை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் போட்ட சட்டம், அவளே வளைக்க முடியாது. யார் முடிச்சோ அவர் பொறுப்பு.

"மாப்பிள்ள, சாவியக் குடுங்க" என்றாள் கடைசியில். "கொட்டகையில மெஷினுக்கு ஒரு ஆள் வேணும். இருக்கறதுன்னா இருங்க."

சாவியை மருமகள் பக்கம் தள்ளினாள். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. "நாளைக்கு நேரத்தோட கெளம்பு. மூட்டை நெறைய இருக்கு" என்றாள், அவ்வளவுதான். அவள் சாவியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். ஆனால் இதற்கு ஒரு துணித் துண்டு வேண்டியிருந்ததே, தன் வாய்ச்சொல் போதவில்லையே என்ற ஆற்றாமைதான் முன்னால் வந்து நின்றது.

காலையில் மழை விட்டிருந்தது. மூட்டை இறக்கக் கை வேண்டும் என்று மிச்சமும் கூட வந்தான். எஞ்சின் சன்னமாக ஓடியது. கண்ணாடியை இறக்கினாள், ஈரக் காற்று வந்தது. செத்த முள் உயிர்பெற்று எழுந்து நின்றது. கொஞ்ச தூரம் போனது. மிச்சம் மெல்லச் சாய்ந்து மீட்டரை எட்டிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

"அடேங்கப்பா, நம்பர் என்ன வேகமா ஏறுது" என்றான். "இப்படியே போனா விக்கும்போது ஒண்ணும் தேறாது. இல்ல, நான் ஆயில் விஷயத்துல கையே வைக்கல. அது கரெக்டா மாத்திடுவோம். ஆயிலுக்குத் தனியா நாம மனசுல ஒரு கணக்கு வச்சுகிட்டு, இதை மட்டும் வாரத்துல ரெண்டு நாள்..."

மேம்பாலம் தொடங்குகிற இடத்தில் அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஏன், என்னாச்சு?" என்று பதறினான் மிச்சம். "சத்தம் வருதா?"

"வருது. இறங்கிப் பாருங்க."

அவன் அவசரமாக இறங்கிக் கதவைச் சாத்தினான். முன்பக்கம் போய் வண்டியின் மேல் காதை வைத்துக் கேட்டான். பக்கவாட்டில் குனிந்து கேட்டான். முதல் தடவையாக, ஒரு சத்தத்தை இவ்வளவு அக்கறையாக அவன் கேட்பதை அவள் சீட்டில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி அவள் ஜன்னல் பக்கம் வந்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இப்ப எனக்கும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அவள் கியரைப் போட்டு ஏற்றத்தில் ஏறினாள்.